கடலுக்கு முதுகு காட்டாதே!

"ஐஸ்லாந்துக்குப் போய்விட்டு ஒரு புகைப்படம் கூட இல்லாமல் திரும்பி வந்து நிற்கிற பத்திரிகைக்காரனை என் முப்பது வருஷ அனுபவத்தில் பார்த்ததில்லை" என்றார் ஆசிரியர்.

நானும் பார்த்ததில்லை. ஆகையால் பேசாமல் நின்றேன்.

இந்தப் பக்கத்தின் தலையில் வாசகர்கள் பார்க்கும் சித்திரம், நான் சொல்லச் சொல்ல நம் ஓவியர் வரைந்தது. கறுப்பு மணலும், வெள்ளை அலையும், மஞ்சள் மழைக் கோட்டுப் போட்டுக் கொண்டு நிற்கும் சிறுமியும் அச்சாக அமைந்திருக்கின்றன. சிறுமியின் மூக்கு மட்டும் என் பெண்ணின் மூக்கு அல்ல, அது போகட்டும். ஆபீஸ் காமிரா என்ன ஆயிற்று என்பதைக் கணக்குப் பிரிவுக்கு நாலு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டேன். வாசகர்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்லுகிறேன்.

2024-ம் வருஷம், ஆகஸ்டு மாதக் கடைசி. பாப்பாவின் பள்ளிக்கூடத்தில் கெஞ்சிக் கூத்தாடி எட்டு நாள் லீவு வாங்கிக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் புறப்பட்டோம். பாப்பாவுக்கு எட்டு வயது. அந்த எட்டு வருஷத்தில் என் மனைவியை நான் எங்குமே அழைத்துப் போனதில்லை என்பது வீட்டில் நிரந்தரமாக நிலுவையில் இருக்கும் வழக்கு.

"அழைத்துப் போவதுதான் போகிறீர்கள், பூவும் மரமுமாக ஒரு நல்ல இடத்துக்குப் போகக் கூடாதா? போயும் போயும் எரிமலையா?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்விதான். ஐஸ்லாந்தில் மரங்கள் குறைவு. இருக்கிற மரங்களும் குட்டை. அந்த ஊர்க்காரர்களே ஒரு வேடிக்கை சொல்லிக்கொள்கிறார்கள். 'ஐஸ்லாந்துக் காட்டில் வழி தவறிவிட்டால் என்ன செய்ய வேண்டும்? எழுந்து நிற்க வேண்டும்!'

தமிழ்நாட்டில் ஐந்தில் நாலு பங்கு இருக்கும் அந்தத் தீவு. ஜனத்தொகையோ நாலு லட்சத்துக்கும் குறைவு. நம் திருநெல்வேலி நகரத்தில் இருக்கிறவர்கள் அதைவிட அதிகம். மூன்றில் இரண்டு பங்கு ஜனங்கள் தலைநகரமான ரேக்யவிக்கிலும் அதைச் சுற்றியுமே இருந்துவிடுகிறார்கள். மிச்சமுள்ள பூமியெல்லாம் பாறைக்கும் பாசிக்கும் பனிக்கும் ஆடுகளுக்கும் சொந்தம்.

நாங்கள் விமானத்திலிருந்து இறங்கி ஊரை நோக்கிக் காரில் போனபோது இரவு பதினொரு மணி. வலது பக்கமாக வண்டி ஓட்ட வேண்டிய ஊர். அந்தக் கவலையில் நான் ரோட்டைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. பாப்பாதான், "அப்பா! அங்கே பார், சூரியன் உதிக்கிறது!" என்றாள்.

நடு இரவில் தெற்கே உதிக்கிற சூரியன் எது? வண்டியை ஓர் ஓரமாக நிறுத்திப் பார்த்தோம். அடிவானத்து மேகம் முழுவதும் செக்கச் சிவந்து கிடந்தது. நாங்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, ஆகஸ்டு 22-ம் தேதி இரவு, அங்கே பூமி பிளந்துகொண்டு நெருப்புக் குழம்பு கொப்பளிக்கத் தொடங்கியிருந்தது. 2023 டிசம்பரிலிருந்து அதே வட்டாரத்தில் அது ஆறாவது தடவை. பக்கத்தில் கிரிண்டவிக் என்று ஒரு மீனவர் ஊர். 2023 நவம்பர் 10-ம் தேதி இரவே அந்த ஊர் ஜனங்கள் எல்லோரையும் வெளியேற்றிவிட்டார்கள். 2024 ஜனவரியில் நெருப்பு ஊர் எல்லைக்குள் வந்து மூன்று வீடுகளை விழுங்கியது.

நாங்கள் நின்று பார்த்துக் கொண்டிருந்தபோது எங்களைக் கடந்து பால் வண்டி ஒன்று போயிற்று. அதன் டிரைவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

*

ஐஸ்லாந்தில் தமிழனுக்குச் சந்தோஷம் தரும் விஷயம் ஒன்று உண்டு. உலகமெல்லாம், "உங்கள் குடும்பப் பெயர் என்ன?" என்று கேட்டு நம்மைப் படாத பாடு படுத்துகிறார்களே, அந்தத் தொல்லை அங்கே இல்லை. அவர்களுக்கும் நம்மைப் போலவே தகப்பனார் பெயர்தான். நாம் இனிஷியலாக முன்னால் வைப்பதை அவர்கள் பின்னால் வைத்து, ஆணானால் 'சொன்' என்றும் பெண்ணானால் 'டோட்டிர்' என்றும் சேர்க்கிறார்கள். மகன், மகள் என்று அர்த்தம். கல்யாணமானாலும் பெண்ணின் பெயர் மாறாது. நாட்டின் ஜனாதிபதியைக் கூட அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

விடுதியில் குழாயைத் திறந்ததும் என் மனைவி மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். "குளிக்கிற அறையில் யாரோ அழுகின முட்டையை உடைத்திருக்கிறார்கள்!" அது முட்டையல்ல, கந்தகம். பூமிக்கு அடியிலிருந்து கொதித்து வரும் நீரைக் குழாய் போட்டு நேரே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். பத்தில் ஒன்பது வீடுகள் குளிர் காய்வது பூமியின் சூட்டில்தான். விறகு இல்லை, கரி இல்லை, புகை இல்லை. இரண்டு நாளில் அந்த வாசனையும் பழகிப் போய்விட்டது.

அந்த வெந்நீரில் நீந்துவதற்கென்று ஊருக்கு ஊர் திறந்தவெளிக் குளங்கள் கட்டியிருக்கிறார்கள். இங்கேதான் அடியேனுக்கு ஒரு சோதனை வந்தது. குளத்தில் இறங்குமுன் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். அதுவும் பிறந்த மேனியாக, பொது அறையில்! உடம்பில் எந்த எந்த இடத்தைத் தேய்க்க வேண்டும் என்று சிவப்புப் புள்ளி வைத்துப் படம் வேறு மாட்டியிருக்கிறது. துண்டைக் கட்டிக்கொண்டே குளித்துத் துண்டைக் கட்டிக்கொண்டே துணி மாற்றும் கலையில் தேர்ந்த பரம்பரையில் வந்தவன் நான். அந்தக் கலையை அங்கே காட்டப் போனேன். ஒரு கிழவர் என் தோளைத் தட்டி, மிகுந்த மரியாதையுடன் படத்தைச் சுட்டிக் காட்டினார். அதற்கு மேல் இதைப் பற்றிக் குடும்பப் பத்திரிகையில் எழுதுவதற்கில்லை.

ஆனால் உள்ளே போனபிறகு பாருங்கள்! மேலே முகத்தில் ஊசி குத்துகிற குளிர் காற்று. கீழே கழுத்து மட்டும் நாற்பது டிகிரி வெந்நீர். கிழவர்களும் கிழவிகளும் தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு அரசியல் பேசுகிறார்கள். நம் ஊர் டீக்கடை பெஞ்சை எடுத்து வெந்நீரில் முக்கிவிட்டால் எப்படி இருக்கும், அப்படி!

*

மறுநாள் முதல் பிரயாணிகளுக்குரிய தரிசனங்கள் ஆரம்பமாயின. திங்வெட்லிர் என்ற இடத்தில் 930-ம் வருஷத்தில் ஒரு சபை கூடியது. அரசன் இல்லாத நாடு. ஆகவே ஜனத் தலைவர்கள் வருஷா வருஷம் வெட்ட வெளியில் கூடிச் சட்டம் பேசினார்கள். எழுத்தில் சட்டம் இல்லாத காலத்தில், அதை மனப்பாடம் செய்த ஒருவர் பாறைமேல் நின்று வருஷத்துக்கு மூன்றில் ஒரு பங்காக ஒப்பிப்பாராம். அமெரிக்கக் கண்டத்தின் அடித்தட்டும் ஐரோப்பாவின் அடித்தட்டும் பிரிகிற இடமும் அந்த வட்டாரம்தான். தீவே வருஷத்துக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் கிழிந்துகொண்டு போகிறது. கிழிசலுக்கு நடுவே நடைபாதை போட்டிருக்கிறார்கள். ஒரு கால் அமெரிக்கா, ஒரு கால் ஐரோப்பா என்று பாப்பா தாண்டிக் குதித்தாள். பள்ளத்தாக்கு பல மைல் அகலம், தாண்ட முடியாது என்று நான் விளக்கப் போனேன். "குழந்தை சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம்" என்று உத்தரவு பிறந்தது.

பிறகு கெய்சிர். உலகத்தில் எந்த மூலையில் வெந்நீர் பீறிட்டாலும் அதற்கு இந்த ஒரு ஊற்றின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். மூலவர் இப்போது பெரும்பாலும் உறக்கத்தில் இருக்கிறார். முற்காலத்தில் பெரிய மனிதர்கள் வந்தால் சவுக்காரத்தைக் கொட்டி அவரை எழுப்புவது வழக்கமாம். பக்கத்திலே இருக்கும் ஸ்ட்ரோக்கூர் என்ற ஊற்றுதான் உற்சவர். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவையாவது பக்தர்களுக்குக் காட்சி கொடுத்துவிடுகிறார்.

வட்டமான ஒரு குட்டை. நீர் அசைவற்று நிற்கிறது. திடீரென்று நடுவில் மூச்சு வாங்குகிறதுபோல் ஏறி இறங்குகிறது. பிறகு, நீல நிறத்தில் ஒரு பெரிய குமிழி, யானைக் குட்டியின் முதுகுபோல் உப்புகிறது. அந்த நீலத்தைப் பார்க்கக் கண்ணுக்கு அரை விநாடிகூடக் கிடைக்காது. குமிழி வெடித்து ஐந்தாறு ஆள் உயரத்துக்குத் தண்ணீர்த் தூண் எழும்பி, ஆவியாகக் காற்றில் சாய்ந்து போய்விடுகிறது. காரணம் நம் சமையலறையில் இருப்பதுதான். ஆழத்தில் உள்ள நீர், மேலே அழுத்தும் நீரின் கனத்தால், நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்க முடியாமல் அடங்கிக் கிடக்கிறது. பிரஷர் குக்கர் மாதிரி. மேல் நீர் சற்றே விலகினால் போதும், அடி நீர் முழுவதும் ஒரேயடியாக ஆவியாகிக் கிளம்பிவிடுகிறது.

அந்த நீலக் குமிழியைக் காமிராவில் பிடித்துவிட வேண்டுமென்று நான் பதினோரு தடவை முயன்றேன். ஒன்றரை மணி நேரம். மனைவியும் பாப்பாவும் குளிரில் நின்றார்கள். பதினோராவது தடவை பிடித்துவிட்டேன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து பத்து கிலோமீட்டரில் குல்ஃபாஸ், அதாவது பொன்னருவி. இரண்டு படியாக 32 மீட்டர் இறங்கிப் பூமிப் பிளவுக்குள் மறைகிறது. அதன் கரையில் ஒரு பெண்ணின் முகம் செதுக்கிய கல் இருக்கிறது. சிக்ரீதுர் தோமாஸ்தோட்டிர் என்பது பெயர். தோமாஸின் மகள் சிக்ரீதுர். 1871-ல் பிறந்த குடியானவப் பெண். அருவியை அணைகட்டி மின்சாரம் எடுக்க அந்நியர்கள் குத்தகைக்குப் பிடித்தபோது, பல வருஷம் விடாமல் போராடினார். அணை கட்டினால் அருவியில் குதித்துவிடுவேன் என்றாராம். வழக்கில் அவருக்கு ஜயம் கிட்டவில்லை. ஆனால் குத்தகைப் பணம் கட்டாததால் ஒப்பந்தம் தானே முறிந்தது, அருவி பிழைத்தது. அவருக்காக வாதாடிய வக்கீல் ஸ்வெயின் பியோர்ன்சன் 1944-ல் அந்த நாட்டின் முதல் ஜனாதிபதி ஆனார்.

*

நாலாம் நாள் தெற்குக் கடற்கரை வழியாகக் கிழக்கே புறப்பட்டோம். வழியெல்லாம் அருவிகள். அறுபது மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஓர் அருவிக்குப் பின்பக்கமாகவே நடந்து சுற்றி வரலாம்; வந்தோம், நனைந்தோம். 2010-ல் சாம்பலைக் கக்கி ஐரோப்பாவின் விமானங்களையெல்லாம் தரையில் நிறுத்திய மலை இடது கையில் பனித் தொப்பியோடு சாதுவாக உட்கார்ந்திருந்தது. அதன் பெயரைத் தமிழில் எழுத அச்சுக் கோப்பவர் சம்மதிக்க மாட்டார்.

பிற்பகலில் ரேனிஸ்ஃபியாரா என்ற கறுப்புக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தோம். மணலும் கூழாங்கல்லும் கரி மாதிரி கறுப்பு. எரிமலைக் குழம்பு ஆறி வெடித்து, ஆறு பட்டைத் தூண்களாக, ஒரு சிற்பி நிறுத்தி வைத்ததுபோல் மலைச் சரிவில் அடுக்கியிருக்கிறது. கடலில் தள்ளி நிற்கும் கூரான பாறைகளை, விடிந்தது தெரியாமல் அகப்பட்டுக்கொண்டு கல்லாகிப்போன பூதங்கள் என்கிறார்கள்.

நுழைவாயிலில் பெரிய பலகை. அதில் விளக்கு வைத்திருக்கிறார்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு. அன்று எரிந்தது மஞ்சள். எந்த எல்லை வரை போகலாம் என்று வரைபடம். அலைக்கு ஒருபோதும் முதுகைக் காட்டாதீர்கள் என்று கொட்டை எழுத்தில் எச்சரிக்கை. இங்கே அலை பல பேரை இழுத்துப் போயிருக்கிறது. கரையை ஒட்டியே கடல் செங்குத்தாக ஆழமாகிவிடுவதால், வெகு தூரத்திலிருந்து வரும் அலை, வேகம் குறையாமல் கரைமீது ஏறிவிடுகிறதாம். பத்து அலை கால் தூரத்தில் நிற்கும். பதினோராவது அலை, முன்னால் போனதோடு சேர்ந்துகொண்டு, மலையடி வரைக்கும் வரும்.

இவ்வளவையும் அந்தப் பலகையின் முன்னால் நின்று நான் படித்தேன். அதைப் படமும் பிடித்தேன். கட்டுரைக்கு நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

நான் சென்னைவாசி. வாரம் தவறாமல் பெசன்ட் நகர்க் கடலில் கணுக்காலை நனைக்கிறவன். கடல் எனக்குப் புதிதல்ல என்று ஓர் எண்ணம். கறுப்பு மணல், வெள்ளை நுரை, நடுவில் மஞ்சள் மழைக் கோட்டு. இதைவிட நல்ல அட்டைப் படம் கிடைக்குமா? பாப்பாவை நிறுத்தினேன். காமிராவுக்குள் பார்த்தேன். அலை சிறியதாக, வெகு தூரத்தில் இருந்தது.

"இன்னும் இரண்டடி பின்னாலே போ" என்றேன்.

போனாள்.

"இன்னும் கொஞ்சம். என்னைப் பாரு. சிரி."

"போதும், கூப்பிடுங்கள்" என்றாள் என் மனைவி.

"ஒரே ஒரு நிமிஷம்" என்றேன்.

காமிரா வழியாகப் பார்க்கிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. சட்டத்துக்குள் தெரிவது எல்லாம் படமாகத்தான் தெரியும். பாப்பாவுக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு சுவர் உயர்ந்தபோது, 'ஆஹா, நன்றாக இருக்கிறதே' என்றுதான் முதலில் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். நினைத்து, விசையையும் அழுத்தினேன்.

என் மனைவி என்னைக் கடந்து ஓடியது தெரியும். யாரோ கத்தியது தெரியும். பிறகு இடுப்பளவு தண்ணீர். பனிக்கட்டியை உருக்கி ஊற்றினதுபோல் ஒரு குளிர், மூச்சு நின்றுவிட்டது. அலை வந்த வேகத்தைவிடத் திரும்பின வேகம்தான் பயங்கரம். காலடியில் இருந்த கூழாங்கற்கள் எல்லாம் கடகடவென்று உருண்டு கடலை நோக்கி ஓடுகின்றன. நிற்கப் பூமி இல்லை. பாப்பாவைக் காணோம். மஞ்சள் நிறம் மட்டும் ஒரு தடவை நுரைக்குள் புரண்டது. மழைக் கோட்டின் தொப்பியை என் மனைவி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முழங்காலில் இழுபட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பிடித்தேன். காமிரா எப்போது கையை விட்டுப் போயிற்றோ தெரியாது. ஆஜானுபாகுவான ஒரு மனிதர், உல்லாசப் பயண பஸ்ஸின் டிரைவர், என் கோட்டுக் காலரைப் பற்றி எங்கள் மூன்று பேரையும் ஒரே கொத்தாக மேட்டுக்கு இழுத்துப் போட்டார்.

எல்லாம் பத்து விநாடி இருக்கும்.

பாப்பா உப்புத் தண்ணீரைக் கக்கிவிட்டு அழுதாள். அந்த அழுகையை விட இனிமையான சங்கீதத்தை நான் கேட்டதில்லை. பஸ் டிரைவர் கம்பளி கொண்டுவந்து போர்த்தினார். கோபித்துக்கொள்ளவில்லை. "பலகையைப் பார்க்கவில்லையா?" என்று மட்டும் கேட்டார்.

"பார்த்தேன்" என்றேன். படம் எடுத்ததைச் சொல்லவில்லை.

கைபேசியும் கோட்டுப் பையில் உப்பு நீர் குடித்து உயிரை விட்டிருந்தது. கிழக்கே பனிக்கட்டிகள் மிதக்கும் ஏரி ஒன்று உண்டு. ஐஸ்லாந்து போகிறவர்கள் அதைப் பார்க்காமல் திரும்ப மாட்டார்கள். நாங்கள் திரும்பினோம். ஆகவே அதைப் பற்றி எழுதும் யோக்கியதை எனக்கு இல்லை. அன்று இரவு முழுவதும் என் மனைவி பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

*

ஊருக்குப் புறப்பட இன்னும் மூன்று நாள் இருந்தது. முன்பணம் கட்டிய இடம் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அதுவும் ஒரு தீவு! தெற்குக் கரையிலிருந்து கப்பலில் நாற்பது நிமிஷம். ஹெய்மேய் என்று எழுதினாலும் அவர்கள் சொல்லும்போது, 'ஹேமா, ஏய்!' என்று யாரையோ கூப்பிடுகிறாற்போல் காதில் விழும். வேறு சமயமானால் சிரித்திருப்போம். கப்பலில் பாப்பா அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு கடலைப் பார்க்க மறுத்துவிட்டாள்.

நாங்கள் தங்கிய வீட்டு அம்மாளுக்கு அறுபது வயது. சுவரில் ஓர் ஆணியில் பழைய சாவி ஒன்று தொங்கிற்று. எந்தக் கதவின் சாவி என்று கேட்டேன். ஜன்னல் வழியாக ஊருக்குக் கிழக்கே கறுத்துக் கிடந்த மேட்டைக் காட்டினார். "அதற்கு அடியில் இருக்கும் கதவு" என்றார்.

1973 ஜனவரி 23-ம் தேதி, நடு இரவு தாண்டி இரண்டு மணி சுமாருக்கு ஊரின் கிழக்கு ஓரத்தில் பூமி பிளந்தது. ஒரு மைல் நீளத்துக்கு நெருப்பு வேலி எழும்பியது. ஊரில் ஐயாயிரத்து முந்நூறு பேர். முந்தின நாள் புயல் அடித்ததால் மீன்படகுகள் எல்லாம் நல்ல வேளையாகத் துறைமுகத்திலேயே நின்றன. அந்த அம்மாளுக்கு அப்போது ஒன்பது வயது. இரவு உடுப்பின் மேல் கோட்டை மாட்டி, தாயார் அழைத்துப் போனார். "கதவைப் பூட்டும் வழக்கமே இல்லாத ஊர். அன்றைக்கு மட்டும் அம்மா பூட்டினாள். ஏன் என்று கடைசி வரைக்கும் அவளுக்கே தெரியாது" என்றார். விடிவதற்குள் அநேகமாக ஊர் முழுவதும் கடல் கடந்துவிட்டது.

நெருப்புக் குழம்பு நானூறு வீடுகள் வரை அழித்துவிட்டுத் துறைமுகத்தின் வாயை அடைக்க வந்தது. துறைமுகம் போனால் மீன் பிடிப்பு இல்லை. மீன் பிடிப்பு இல்லையானால் ஊர் இல்லை. அங்கே தங்கிவிட்ட ஆண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கடல் நீரைக் குழாய் குழாயாக இறைத்து நெருப்பின்மேல் கொட்டினார்கள். மாதக் கணக்கில், லட்சம் லட்சம் டன்னாக. யோசனை சொன்ன பௌதிக சாஸ்திரியைப் பார்த்து முதலில் சிரித்தவர்கள் உண்டாம். குழம்பு முகப்பில் உறைந்து, தன்னையே தடுக்கும் சுவராக நின்றுவிட்டது. ஜூலை ஆரம்பத்தில் எரிமலை ஓய்ந்தபோது துறைமுகம் முன்னைவிடப் பத்திரமாக இருந்தது. தீவும் இரண்டு சதுர கிலோமீட்டர் வளர்ந்திருந்தது. ஜனங்கள் திரும்பி வந்து சாம்பலை வாரிக் கொட்டினார்கள். ஆறாமல் கிடந்த அந்தப் பாறையின் சூட்டிலேயே பல வருஷம் வீடுகளுக்கு வெந்நீர் காய்ச்சிக்கொண்டார்கள்!

"பயமாக இல்லையா, மறுபடியும் இங்கேயே வந்து இருக்க?" என்று என் மனைவி கேட்டாள். இரண்டு நாளில் அவள் சேர்ந்தாற்போல் பேசிய முதல் வார்த்தைகள் அவைதான்.

அந்த அம்மாள் நேரான பதில் சொல்லவில்லை. வேறொரு கதை சொன்னார். 1984 மார்ச்சில் தீவுக்குப் பக்கத்தில் ஒரு மீன்படகு கவிழ்ந்தது. ஐந்து பேரில் நாலு பேர் மாண்டார்கள். ஐந்தாமவருக்கு 22 வயது. உறைகிற நீரில் ஐந்தாறு கிலோமீட்டர் இரவில் நீந்தி, கூடவே பறந்த கடற்பறவைகளோடு பேசிக்கொண்டே நீந்தி, கரையேறினார். பிறகு வெறுங்காலோடு கூரான எரிமலைப் பாறை மேல் நடந்தார். ஆடுகளுக்கு வைத்திருந்த தொட்டியில் பனி ஏட்டைக் கையால் குத்தி உடைத்துத் தண்ணீர் குடித்துவிட்டு, ஊர் வந்து சேர்ந்தார். இன்றும் வருஷா வருஷம் அந்த நாளில் ஊர்க்காரர்கள் நீச்சல் குளத்தில் அவ்வளவு தூரம் நீந்துகிறார்கள்.

பாப்பா மடியிலிருந்து தலையைத் தூக்கி, "பறவை என்ன பதில் சொல்லித்தாம்?" என்று கேட்டாள்.

"உனக்குப் பறவை வேண்டுமா?" என்றார் அந்த அம்மாள். "இன்று ராத்திரி தூங்காதே."

*

பஃபின் என்று ஒரு கடற்பறவை. கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, சாயம் பூசினாற்போன்ற அலகு. கச்சேரிக்குப் புறப்பட்ட வித்துவான் மாதிரி இருக்கும். மலைச் சரிவில் வளை தோண்டி ஒரே ஒரு முட்டை இடும். ஆகஸ்டுக் கடைசியில் குஞ்சு ஓர் இரவில் தன்னந்தனியாக வளையை விட்டு வெளியே வந்து கடலில் தெரியும் வெளிச்சத்தை நோக்கிப் பறக்கிறது. ஊர் விளக்குகளைப் பார்த்து ஏமாந்துபோய்த் தெருவில் வந்து விழுகின்றன பல குஞ்சுகள். தரையிலிருந்து எழும்பிப் பறக்க அவைகளால் முடியாது. பூனைக்கும் மோட்டாருக்கும் இரையாகுமுன் அவைகளைப் பொறுக்கி எடுப்பது ஊர்ப் பிள்ளைகளின் வேலை. அந்த வாரங்களில் நடு இரவு வரை குழந்தைகள் தெருவில் திரியலாம். பெரியவர்கள் கேட்க மாட்டார்கள்.

வீட்டு அம்மாளின் பேரனுக்குப் பத்து வயது. டார்ச் விளக்கும் அட்டைப் பெட்டியுமாக முன்னே நடந்தான். பாப்பா அவன் பின்னால். நானும் என் மனைவியும் கொஞ்சம் தள்ளி, ஒரே பக்கத்தில்தான் நடந்தோம் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். துறைமுகத்தில் வலைக் குவியலுக்குப் பின்னால் 'கிறீச்' என்று ஒரு சத்தம். பாப்பா குப்புற விழுந்து இரண்டு கையாலும் அமுக்கினாள். எழுந்தபோது முழங்காலில் ரத்தம். கையில் சாம்பல் நிறத்தில் ஒரு பந்து. அது அவள் விரலைக் கடித்தது. அவள் விடவில்லை.

காலையில் நிறுத்துப் பார்த்தார்கள். 268 கிராம். கடலுக்குப் போகத் தேறிய எடைதானாம். எல்லாக் குஞ்சின் எடையையும் குறித்து வைத்துக்கொள்கிறார்கள். அந்த வருஷம் கடலில் மீன் எப்படி என்று அதிலிருந்து தெரிந்துவிடும்.

மேற்குக் கரையில் புல் தரை சட்டென்று முடிந்து கடல் ஆரம்பிக்கிறது. நன்றாகத் தள்ளியே நின்றோம். இருந்தாலும் அலைச் சத்தம் கேட்டதும் பாப்பா நின்றுவிட்டாள். பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டாள்.

"நீங்கள் போடுங்கள் அப்பா."

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் பாப்பாவின் பின்னால் போய், மழைக் கோட்டின் தொப்பியை, அன்று பிடித்த அதே தொப்பியை, ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். "நீயே போடு. நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்" என்றாள். மறு கையை என் பக்கம் நீட்டினாள். நான் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அதைப் பற்றிக்கொண்டேன்.

பையன் சொல்லிக் கொடுத்தான். குஞ்சை இரண்டு கைக்கும் நடுவே வைத்து, கீழே தாழ்த்தி, வீசி மேலே விட வேண்டும். கண்ணை மூடக் கூடாது. கடலைப் பார்த்தபடி நிற்க வேண்டும்.

பாப்பா கடலைப் பார்த்தாள். மூன்று தடவை வீசுவதுபோல் பாவனை செய்துவிட்டு நிறுத்தினாள். நாலாவது தடவை விட்டாள். குஞ்சு கல் மாதிரி விழுந்தது. "ஐயோ!" என்றோம் மூன்று பேரும். பாதி வழியில் அதற்குத் தனக்கு இறகு இருக்கும் விஷயம் ஞாபகம் வந்ததுபோல் இருக்கிறது. படபடவென்று அடித்துக்கொண்டு அலைகளுக்கு மேலே ஓர் அடி உயரத்தில் போயிற்று, போயிற்று, ஒரு புள்ளியாகிப் போயிற்று. இனி இரண்டு மூன்று வருஷத்துக்கு அது கரையைத் தொடாதாம்.

படமா? காமிரா இல்லை. இருந்திருந்தாலும் எனக்குக் கை ஒழியவில்லை.

காலிப் பெட்டியை அங்கேயிருந்த குப்பைத் தொட்டியில் போடப் போனேன். பையன் ஓடி வந்து பிடுங்கிக்கொண்டான்.

"அதைப் போடாதீர்கள், இன்று ராத்திரிக்கு வேண்டும்!" என்றான்.